மடங்கும் மிதிவண்டியும் நாகலாபுரத்துப் பாதையும்

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் விடுமுறைக் காலத்தில் தென்திசை நோக்கிப் புகைவண்டி ஏறும்பொழுது, வழியிலுள்ள ஊர்களை நின்று நிதானித்துக் காணவேண்டும் என்னும் விழைவும் உடன் எழுவதுண்டு. பேருந்து நாம் விரும்பும் இடத்தில் நிற்பதில்லை. நடந்து செல்லவோ நாள் போதாது. மிதிவண்டியே ஏற்ற துணை. ஆயினும் முழு வண்டியைப் பார்சல் பெட்டியில் ஏற்றி, இறக்கி, காத்திருப்பது பெருந்தொல்லை. மடித்துப் பையில் இட்டுச் செல்லும் வண்டியின் தேவை இங்கேதான் பிறக்கின்றது.

இத்தேவையை நன்குணர்ந்தோருள் படைத்துறையினர் முதன்மையானோர். பிரெஞ்சுப் படையைச் சார்ந்த கேப்டன் ஜெரார் என்பவர் 1890களிலேயே மடங்கும் வண்டியொன்றை அமைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனம் வான்குடைப் படையினருக்காக நடுவில் மடங்கும் வண்டியைச் செய்தளித்தது. சிறகுத் திருகுகள் இரண்டைத் தளர்த்தினால் போதும், வண்டி இரண்டாக மடங்கிவிடும். ஆயின், வானிலிருந்து குதிப்போருக்கென அமைந்த அவ்வண்டியை, 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கரையில் கடல்வழி இறங்கிய வீரர்களும் தோளில் சுமந்து சென்றனர்!

போர் முடிந்த பின்னர் அறிஞர் கவனம் சக்கரத்தின்பால் திரும்பியது. சிறிய சக்கரம் அதிரும், மெதுவாக ஓடும் என்பது பொதுவான எண்ணம். அலெக்ஸ் மோல்டன் என்னும் ஆங்கிலப் பொறியியலார் 1962இல் சிறு சக்கரங்களுக்கு மிகுந்த காற்றழுத்தமுடைய டயரையும், அதிர்வைத் தாங்க ரப்பரையும் பொருத்தி, அவ்வெண்ணத்தை மாற்றினார். 1970களின் நடுவில் ஆண்ட்ரூ ரிட்சி இலண்டனில் பிராம்ப்டன் வண்டியை உருவாக்கத் தொடங்கினார். 1992இல் அமெரிக்காவில் தோன்றிய பைக் ஃப்ரைடே, நெடும்பயணத்திற்குரிய வண்டியையே பெட்டிக்குள் அடக்கியது.

மடங்காத வண்டியால் பயணம் இயலாதோ? அவ்வாறன்று. 1923இல் பம்பாயிலிருந்து புறப்பட்ட இளைஞர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் சாதாரண மிதிவண்டியிலேயே உலகைச் சுற்றி 1928இல் திரும்பினர். ஆகவே மடங்குதல் ஒரு வசதியே, உறுதியே முதற்பண்பு.

வாங்க எண்ணுவோர் மூன்றினை நோக்குக. முதலாவது கீல்: கைப்பிடித் தண்டும் நடுச்சட்டமும் பூட்டிய பின் சிறிதும் ஆடலாகாது. இரண்டாவது சுமை: மூட்டையைப் பின்தாங்கியில் கட்டிய பின் மிதித்தால் குதிகால் அதில் இடிக்கலாகாது. மூன்றாவது டயர். பிராம்ப்டன் வண்டிகள் பெரும்பாலானவற்றின் டயர் விளிம்பு 349 மில்லிமீட்டர். அது சிற்றூர்க் கடைகளில் கிடைத்தல் அரிது. 20 அங்குலச் சக்கரத்திலும் 406, 451 என இரு அளவுகள் உண்டு. சிறுவர் வண்டிகளில் பெரிதும் வழங்குவது 406. ஆதலின் அதுவே நமக்கு ஏற்றது. மிகச் சிறிதாய் மடங்கும் வண்டியைப் பெருமையுடன் வாங்கி, டயர் கிழிந்த இடத்தில் தவித்து நிற்பதால் பயன் என்ன?

இவ்வண்டிக்குரிய இனிய வழியொன்றைச் சொல்லி முடிப்போம். ரேணிகுண்டா-அரக்கோணம் இருப்புப் பாதையிலுள்ள புத்தூரில் இறங்கி, வண்டியை விரித்துக் கொள்ளலாம். நாராயணவனம், பிச்சாட்டூர் வழியே சென்றால் நாகலாபுரம். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கும் ஊர் இது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாம்பாளின் பெயரால் இவ்வூரை அமைத்தார் என்பர். இங்குள்ள வேதநாராயணர் மச்சாவதாரத் திருக்கோலத்தினர். பங்குனியை ஒட்டிய சில நாள்களில் மாலைக் கதிரவன் ஒளி கருவறை புகுந்து, அடி, உந்தி, முடி என நாளுக்கொன்றாய்ப் படரும்.

அந்த ஒளி சிறிது நேரமே நிற்கும், நமக்காகக் காத்திராது. சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட ஈசனைக் கண்டு, ஊத்துக்கோட்டை வழியே சென்னை செல்வதை மறுநாளைக்கு வைத்துக்கொண்டு, அன்று பொழுது சாயுமுன் நம்மைக் கோயில் வாயிலில் சேர்க்கும் வண்டி எதுவோ, அதனையே தேர்ந்து கொள்க.