இரண்டு கிராம் திசுவும் இரண்டாயிரம் ஆண்டுத் தகராறும்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1918-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலையில் நீர் கோத்த நான்கு கைக்குழந்தைகளின் மூளையைத் திறந்து, உள்ளே நீரைச் சுரக்கும் திசுவை அகற்றியதைப் பற்றிய கட்டுரை அது. மூன்று குழந்தைகள் இறந்துபோயின. ஒன்று பிழைத்தது. டாண்டி இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நோயோடு பிறந்த குழந்தைக்கு அன்று உருப்படியான வைத்தியம் எதுவும் கிடையாது. தலை வீங்கிக்கொண்டே போகும், கண்கள் கீழ்நோக்கிச் செருகும், பெற்றோர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நிலையில் நான்கில் ஒன்று என்பதே பெரிய விஷயம்.

அவர் அகற்றிய திசுவுக்குக் கோராய்டு பிளெக்ஸஸ் என்று பெயர். மூளைக்குள் நீர் நிறைந்த நான்கு அறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவரிலிருந்து, தண்ணீருக்கடியில் ஆடும் செம்பாசிபோல, மெல்லிய ரத்தநாளக் கொத்துகள் தொங்குகின்றன. நாளங்களின்மேல் ஒரே ஒரு அடுக்கு செல்கள். அவை ரத்தத்திலிருந்து உப்புகளை அறைக்குள் தள்ள, பின்னாலேயே தண்ணீரும் வந்து சேர்கிறது. எல்லாக் கொத்துகளையும் திரட்டி எடை போட்டால் இரண்டு கிராம் அளவுதான் தேறும். ஆனால் மூளைக்குள் நாளொன்றுக்கு ஊறும் அரை லிட்டர் நீரில் பெரும்பங்கு இவற்றின் கைங்கரியம். எந்த நேரத்திலும் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர் என்பதால், பழைய நீர் ஒரே நாளில் மூன்று நான்கு முறை வெளியேறிப் புதுநீர் வந்துவிடுகிறது. இந்த நீரில் மிதப்பதால்தான் 1,400 கிராம் மூளை மண்டைக்குள் ஏறக்குறைய 50 கிராம் எடையோடு இருக்கிறது.

இந்தத் திசு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் மனித உடல்களை அறுத்துப் பார்த்த ஹெரோபிலஸ் அப்போதே இதைக் கண்டு குறித்திருக்கிறார். பிறகு வந்த மருத்துவர் கேலன், மூளை அறைகளில் உலவுவது ஆன்மக் காற்று என்றும், அதைத் தயாரிப்பதில் இந்த நாளப்பின்னலுக்குப் பங்கு உண்டு என்றும் சொன்னார். மூளையின் கழிவுநீர் மூக்கு வழியாக இறங்குகிறது என்பதும் அவர் கணக்குதான். சளி பிடித்தவர்கள் அதை நம்பியிருப்பார்கள். 1664-ல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் வெளியிட்ட மூளை உடற்கூற்று நூலில், பிளெக்ஸஸ் ஒரு சுரப்பிபோல ரத்தத்திலிருந்து நீரைப் பிரிக்கிறது என்ற யோசனை வந்துவிட்டது. அந்த நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்.

யோசனை வந்தும் ஏன் ஒருவரும் பின்தொடரவில்லை? கத்தி வைத்த முறைதான் காரணம். மூளையைப் பார்ப்பதற்கு முன் பிணத்தின் தலையைத் துண்டித்துவிடுவது அன்றைய வழக்கம். கழுத்தில் வெட்டு விழுந்ததும் உள்ளே இருந்த நீரெல்லாம் மேசையில் ரத்தத்தோடு கலந்து ஓடிவிடும். பிறகு மண்டையைத் திறந்தால் அறைகள் ஏறக்குறைய காலியாக இருக்கும். கொஞ்சம் ஈரம் தெரிந்தால், உயிரோடு இருக்கையில் ஆவியாக இருந்தது செத்த பிறகு குளிர்ந்து நீரானது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

இந்தச் சமாதானத்தை உடைத்தவர் நேப்பிள்ஸ் நகரத்து இளைஞர் ஒருவர். டொமெனிகோ கொட்டுன்யோவுக்கு 1764-ல் வயது 28. அவர் ஆராய வந்தது மூளையை அல்ல, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலியை. நரம்பைத் தேடித் தண்டுவடத்தின் உறையை அறுத்தவர் அங்கே நீரைக் கண்டார். உடனே வரிசையை மாற்றிப் பார்த்தார். தலையைத் தொடாமல், உடலை நேராக நிமிர்த்தி, முதலில் இடுப்புப் பக்கத்தில் ஒரு வெட்டு. தெளிந்த நீர் வந்தது. இருபது உடல்களில் இதைச் செய்து பார்த்து எழுதினார். முன்னோர் கண்ணில் இது ஏன் படவில்லை என்பதற்கு அவர்கள் துண்டித்த கழுத்துகளையே சாட்சியாகக் காட்டினார்.  எதைத் தேடிப் போனாரோ அதில் மட்டுமல்ல, வழியில் கண்டதிலும் அவர் பெயர் தங்கியது.

நீர் இருக்கிறது என்று உறுதியானதும், அதை எது சுரக்கிறது என்ற தகராறு தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரான்சின் மஜாந்தி, மூளையைப் போர்த்திய மெல்லிய சவ்வுதான் சுரக்கிறது என்று அடித்துச் சொன்னார். 1850-களில் பிரான்சின் ஃபேவ்ரும் ஜெர்மனியின் லுஷ்காவும் நுண்ணோக்கியின் துணையோடு பிளெக்ஸஸைக் கைகாட்டினார்கள். மூளையின் அடிப்பக்கம் நீர் வெளியேறும் துவாரங்களுக்கு மஜாந்தி, லுஷ்கா ஆகிய இருவரின் பெயரும் இன்றுவரை இருப்பதால், மருத்துவ மாணவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தே மனப்பாடம் செய்கிறார்கள்.

உயிருள்ள மனிதரிடமிருந்து இந்த நீரை எடுக்கும் வழி 1891-ல் பிறந்தது. ஜெர்மனியின் கீல் நகரில் மருத்துவர் ஹைன்ரிஷ் குவின்கே இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி நீரை இறக்கினார். ஏழு ஆண்டுகள் கழித்து அதே ஊரில் அகஸ்ட் பியர் அந்த வழியாகவே கோகெய்ன் மருந்தைச் செலுத்தி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார். இன்று சிசேரியனுக்கு முன் முதுகில் போடும் ஊசியின் மூதாதை அது. தன் உடம்பிலேயே சோதிக்க விரும்பினார் பியர். உதவியாளர் ஹில்டெப்ராண்ட் ஊசியைச் செலுத்தினார், ஆனால் சிரிஞ்ச் ஊசியோடு பொருந்தவில்லை. பியரின் முதுகிலிருந்து நீர் கணிசமாக ஒழுகியது. பிறகு இடம் மாறி ஹில்டெப்ராண்ட் படுத்துக்கொள்ள, மருந்து ஒழுங்காக ஏறியது. காலில் சுருட்டால் சுட்டும், கீழ்க்கால் எலும்பில் இரும்புச் சுத்தியலால் தட்டியும் பார்த்தார் பியர். வலி இல்லை. வெற்றியை இருவரும் மதுவோடும் சுருட்டோடும் கொண்டாடினார்கள். அடுத்த நாள் தொடங்கிய தலைவலி பியரை நாள்கணக்கில் படுக்கவைத்தது. நிமிர்ந்தால் வலி, படுத்தால் இல்லை. ஒழுகிப்போன நீரின் வேலை என்ன என்பதைத் தலையாலேயே உணர்ந்தார் மனிதர்.

1914-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், அறுவையின்போது பிளெக்ஸஸின் மேற்பரப்பில் தெளிந்த நீர் ஊறுவதைத் தாமே கண்டதாக எழுதினார். கண்ணால் கண்டது போதாது என்பவர்களுக்கு டாண்டியின் நாய் வந்தது. இந்தத் துறையின் வரலாற்றில் இவ்வளவு சுமையைச் சுமந்த நாய் வேறில்லை. மூளையின் இரு பக்க அறைகளிலும் வாசலை அடைத்தார் டாண்டி. ஒரு பக்கத்தில் மட்டும் பிளெக்ஸஸை அகற்றினார். பிளெக்ஸஸ் இருந்த அறை வீங்கியது, இல்லாத அறை சுருங்கியது. 1919-ல் வெளியான இந்த முடிவு பாடப்புத்தகமாகிவிட்டது. ஒரே ஒரு நாய் என்பதும், மற்றவர்கள் செய்து பார்த்தபோது முடிவு இத்தனை சுத்தமாக வரவில்லை என்பதும் அடிக்குறிப்பில்கூட இடம் பெறவில்லை.

சுரப்பது இதுதான் என்றால் அழித்துவிடலாமே. டாண்டிக்கும் முன்பே, 1910-ல், சிகாகோவின் சிறுநீரக மருத்துவர் லெஸ்பினாஸ், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை இரண்டு குழந்தைகளின் மூளைக்குள் செலுத்திப் பிளெக்ஸஸைச் சுட்டுப் பார்த்திருந்தார். 1930-களில் மருத்துவர் ட்ரேசி புட்னம் அதற்கென்றே கருவி செய்தார். பல குழந்தைகள் பிழைத்தன, பல இறந்தன.

இந்தத் தொழிலை ஓரங்கட்டியது ஒரு சிறு வால்வு. 1956-ல் பிலடெல்பியாவில், நீர் கோத்த மகனுக்காக மெஷின் தொழிலாளி ஜான் ஹோல்ட்டர் சிலிக்கோன் வால்வு ஒன்றைச் செய்தார். மிகுதியான நீரை உடலின் வேறு பகுதிக்கு வடிக்கும் ஷன்ட் அதன் பிறகு நம்பத்தக்கதாக ஆனது. ஊற்றை அழிப்பானேன், வடிகால் போட்டால் போதுமே.

பிறகு அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் மில்ஹோரட் குரங்குகளின் பிளெக்ஸஸை அகற்றிப் பார்த்தார். நீர் குறைந்தது, நிற்கவில்லை. 1976-ல் அவர் வெளியிட்டது இன்னும் சங்கடமான செய்தி. குழந்தைப் பருவத்தில் இருபுறமும் பிளெக்ஸஸ் நீக்கப்பட்ட ஒரு நோயாளியிடம், ஐந்தாண்டுகள் கழித்தும் நீர் வழக்கமான அளவில் சுரந்துகொண்டிருந்தது. மூளைத் திசுவும் பங்களிக்கிறது என்று விளக்கினார். டாண்டியின் நாய் அன்றோடு ஓய்வு பெற்றிருக்க வேண்டும்.

ஆனால் உகாண்டாவின் ம்பாலே நகரில் கணக்கு வேறு. அங்கே குழந்தைகளுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய அமெரிக்கர் பெஞ்சமின் வார்ஃபிடம் வந்த குழந்தைகளில் பலருக்கு, பிறந்த சில வாரங்களில் வந்த தொற்றுக் காய்ச்சலால் நீர் கோத்திருந்தது. ஷன்ட் போடலாம். விலை ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட் அப்போது 35 டாலர், மேலைநாட்டு ஷன்ட் 650 டாலர். இரண்டையும் வார்ஃப் ஒப்பிட்டபோது ஓராண்டு முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிக்கல் அடைப்பில் இருந்தது. ஷன்ட் என்றைக்காவது அடைத்துக்கொள்ளும். மண்சாலையில் பல மணி நேரத் தொலைவில் இருக்கும் குழந்தைக்கு அது மரணம்.

அதனால் அவர், உடலுக்குள் பார்க்கும் குழாய்க்கருவியான எண்டோஸ்கோப்பை எடுத்தார். மூன்றாம் அறையின் தரையில் ஒரு துளை போட்டு நீருக்கு மாற்றுவழி திறந்தார். கூடவே, பழைய புட்னம் பாணியில், பிளெக்ஸஸையும் சுட்டார். 2005-ல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு வயதுக்குட்பட்டவர்களிடம் துளை மட்டும் போட்டபோது 47 சதவீதமாக இருந்த வெற்றி, சுடுவதையும் சேர்த்தபோது 66 ஆனது. 2017-ல் அங்கேயே 100 குழந்தைகளிடம் நடந்த ஒப்பீட்டில், ஓராண்டு முடிவில் குழந்தைகளின் வளர்ச்சித்திறனில் இந்த முறைக்கும் ஷன்ட்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மில்ஹோரட் சொன்னது சரியென்றால் சுடுவது எப்படிப் பலிக்கிறது? இதயம் துடிக்கும்போதெல்லாம் இந்த ரத்தநாளக் கொத்தும் துடித்து அறைச் சுவர்களை உள்ளிருந்து இடிக்கிறது, சுட்டதும் அந்த இடி தணிகிறது என்பது வார்ஃப் தரப்பின் ஊகம். நீர் குறைவதும் ஒரு பங்கு என்பவர்கள் இருக்கிறார்கள். வாதம் நடக்கும் அதே வேளையில், உகாண்டாவில் கற்ற இந்த முறையை அமெரிக்க மருத்துவமனைகளும் கையில் எடுத்துவிட்டன.