அரை அங்குல ஸ்பானர்

கயத்தாறு என்றதும் நமக்குக் கட்டபொம்மன் நினைவுதான் வருகிறது. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி அவனைத் தூக்கிலிட்ட ஊர் அல்லவா? நெல்லையிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் அங்கே வண்டியை நிறுத்தி, சிலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காப்பியும் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள். அதே ஊருக்குப் பக்கத்தில், கரிசல் காட்டின் நடுவே, பழைய விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதைப் பார்க்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

இரண்டாவது மகாயுத்தத்தில் வெள்ளைக்காரன் போட்ட தளம் அது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்டன. தென்னாட்டில் சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, தஞ்சாவூர் என்று விமானத் தளங்கள் முளைத்தது அந்த யுத்தகாலத்தில்தான். கயத்தாறும் அந்த வரிசையைச் சேர்ந்தது.

விமானப்படை என்றால் விமானி மட்டுமா? 1933-ல் கராச்சியில் இந்திய விமானப்படையின் முதல் அணி தொடங்கியபோது அதனிடம் இருந்தவை நான்கே நான்கு வாபிட்டி விமானங்கள். அவற்றைப் பராமரிக்கப் பத்தொன்பது பேர். ‘ஹவாய் சிப்பாய்’ என்று அவர்களுக்குப் பெயர். ஆகாயச் சிப்பாய் என்று பொருள். ஆகாயத்தில் பறப்பவன் வேறொருவன்; இவர்களோ தரையில் நின்று கையில் ஸ்பானர் பிடித்தவர்கள்! ஹர்ஜிந்தர் சிங் என்ற என்ஜினீயரிங் பட்டதாரி இப்படிச் சிப்பாயாகச் சேர்ந்து, பிற்காலத்தில் ஏர் வைஸ் மார்ஷல் பதவி வரை உயர்ந்தார். மற்றவர்களை நம் சரித்திரக்காரர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் அந்த வர்க்கத்தார் கையாண்ட சாமான்களில் சில இன்னும் நம் பக்கத்தில் புழங்குகின்றன. சில வருஷங்களுக்கு முன், அம்பாசமுத்திரத்துக்கு அருகே தாமிரபரணிக் கரைக் கிராமம் ஒன்றில், பம்புசெட்டு மெக்கானிக் ஒருவரிடம் ஒரு ஸ்பானரைப் பார்த்தேன். கறுத்துப் பளபளத்த இரும்பு. அதன் தண்டில் சின்னஞ்சிறு கிரீடம், கீழே ‘ஏ.எம்.’ என்ற இரண்டு எழுத்து. ஒரு வருஷம், 1941. ஏர் மினிஸ்ட்ரி, அதாவது பிரிட்டிஷ் விமான இலாகாவின் முத்திரை அது.

“இது ஏது அண்ணாச்சி?” என்றேன்.

“எங்கய்யா டிஸ்போசல்ல எடுத்தது அண்ணாச்சி. ஆயில் எஞ்சினுக்கு அப்படிப் பொருந்தும். எஞ்சின் போயி மோட்டார் வந்துட்டு, இது மட்டும் தேயமாட்டேங்கு” என்றார் அவர்.

பெட்டியைக் கிளறி இன்னொன்றையும் எடுத்து வைத்தார். அது அமெரிக்க ஸ்பானர். “ரெண்டுலயும் அரைன்னுதான் போட்டிருக்கு. வாயைப் பாருங்க!”

பார்த்தேன். ஒன்றின் வாய் மற்றதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

விஷயம் இதுதான். 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் மரைகளுக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். அவர் முறையில் ஸ்பானரில் பொறித்த எண் போல்ட்டின் தடிமனைக் குறிக்கும். அரை அங்குல போல்ட்டின் நட்டைப் பிடிக்க வாய் 0.92 அங்குலம் இருக்க வேண்டும்; ஆயினும் அதன்மேல் எழுதியிருப்பது ‘அரை’. அமெரிக்கர் வழக்கப்படி எண் ஸ்பானரின் வாயையே குறிக்கும். அரை என்றால் அரையேதான். மரையின் சரிவிலும் ஒற்றுமை இல்லை: விட்வொர்த்துக்கு 55 டிகிரி, அமெரிக்கருக்கு 60. யுத்தத்தில் இரு நாட்டு விமானங்களும் நம் நாட்டுத் தளங்களில் வந்து இறங்கின. அவற்றைத் தொட்டவனுக்கு இரண்டு பெட்டிச் சாமான் வேண்டியிருந்தது. ‘மரை கழண்டவன்’ என்று நாம் வேடிக்கையாகச் சொல்கிறோமே, விமானத்தில் அது வேடிக்கை அல்ல. பொருந்தாத ஸ்பானரைப் போட்டால் நட்டின் மூலை மழுங்கும். முறுக்கியதாகத் தோன்றும், முறுகியிராது. ஆகவே முறுக்கிய பிறகும், நட்டின் துளையில் கம்பியைக் கோத்துக் குறட்டால் திருகி, கழலாதபடி கட்டிவிடுவார்கள். வேலை முடிந்ததும் பெட்டியை எண்ணிப் பார்ப்பதும் ஓர் ஆசாரம். மறந்து உள்ளே விட்ட ஒரு திருப்புளி சுக்கானை இழுக்கும் கம்பியில் சிக்கினால் போதும், விமானி திரும்பி வரமாட்டான்.

இந்தக் கைப்பழக்கம் எதற்கு உதவிற்று என்பதற்குக் கான்பூர்க் கதை ஒன்று போதும்.

யுத்தம் முடிந்தபோது அங்கே லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் அமெரிக்க விமானங்கள் ஏராளமாக நின்றன. கடன் ஒப்பந்தத்தில் பிரிட்டனுக்குக் கிடைத்தவை. இனி யாரும் உபயோகிக்கக் கூடாதென்று வேண்டுமென்றே அவற்றைச் சேதப்படுத்திக் குப்பையாகப் போட்டுவிட்டார்கள். சுதந்திரம் வந்தது, கனரக விமானம் வாங்க நம்மிடம் பணம் ஏது? பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் அந்தக் குப்பையின் பக்கம் திரும்பினார்கள். 1943-ல் அந்தத் தொழிற்சாலையை அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டு தன் விமானங்களைப் பழுது பார்த்தது. அமெரிக்க ஸ்பானர் நம்மவர் கைக்குப் பழகியது அப்போதுதான்.

லிபரேட்டரின் எஞ்சின் ஒன்றுக்குப் பதினான்கு சிலிண்டர். சிலிண்டருக்கு இரண்டு பிளக். நான்கு எஞ்சினுக்கும் சேர்த்து 112 பிளக். ஒவ்வொன்றையும் கழற்றி, துடைத்து, இடைவெளி அளந்து மாட்டவேண்டும். பிளக் மட்டும் இவ்வளவு. பாக்கியை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒரு விமானத்தில் இல்லாததை இன்னொன்றிலிருந்து கழற்றிப் பூட்டினார்கள். பெங்களூர் வரை பறந்தால் போதும் என்ற அளவுக்குத் தேற்றி விடுவார்கள்; முன்ஷி என்ற சோதனை விமானி அதை ஓட்டிச் செல்வார். முழு மராமத்து பெங்களூரில். அவருடைய துணிச்சலைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ, அவர் ஏறி உட்காருமுன் கடைசி நட்டை முறுக்கியவனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்றே தோன்றுகிறது.

1948 நவம்பரில் அவ்விமானங்களைக் கொண்டு ஐந்தாம் அணி பிறந்தது. அதே மாதம் 18-ஆம் தேதி பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் இனி மரையெல்லாம் ஒரே அளவென்று கையெழுத்திட்டன. நம் மெக்கானிக்கின் பெட்டி அதனால் இலேசாகிவிடவில்லை. 1953-ல் பிரெஞ்சு விமானமும், 1963-ல் ருஷ்ய மிக் விமானமும் மில்லிமீட்டர்க் கணக்கோடு வந்து சேர்ந்தன.

நாற்பதுக்கு மேற்பட்ட லிபரேட்டர்கள் இப்படி உயிர் பெற்று, 1968 வரை நம் படையில் உழைத்தன. ஓய்வு பெற்றபின் ஒன்றை இங்கிலாந்து விமானப்படை அருங்காட்சியகம் கேட்டு வாங்கிக்கொண்டது. 1974-ல் அது அங்கே பறந்தே போய்ச் சேர்ந்தது.