'முடித்தார்' யாருடைய சொல்? இயங்கலைக் கற்றலின் வரலாற்றிலிருந்து ஒரு கிளை



இயங்கலையில் ஒரு பாடத்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் பட்டியலைத் திறந்தால் என்ன தெரிகிறது? பெயருக்கு நேரே ஒரு பச்சைக் குறி, ஒரு விழுக்காடு, எத்தனை நிமிடம் என்று ஓர் எண். பெரும்பாலான தளங்களில் இதுதான் நிலைமை. 'முடித்தார்' அல்லது 'முடிக்கவில்லை'. ஆனால் நம்ம வகுப்பறைப் பேச்சில் இப்படி ஒரு பிரிவே கிடையாது. ஒரு பிள்ளையைப் பற்றி யாராவது கேட்டா, "நல்லா வாசிக்கிறான், லகர ளகரத்துலதான் தடுக்கிறான்" என்போம். "பையன் முடிச்சுட்டான்" என்று எந்த ஆசிரியரும் பெற்றோரிடம் சொன்னதில்லை. அப்படியானால் இந்தச் சொல் எந்த வீட்டிலிருந்து நம் வீட்டுக்குள் வந்தது?

கணினிவழிக் கற்பித்தல் தொடங்கியபோது இந்தச் சொல் முக்கியமாக இல்லை. 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் என்ற மின்பொறியாளர் 'பிளேட்டோ' என்ற கற்பித்தல் முறையை உருவாக்கினார். முதலில் ஒரே ஒரு மாணவர் உட்காரும் முனையம். பிறகு இரண்டு. 1972இல் வந்த நான்காம் பிளேட்டோவில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரையும் அதன்மேல் தொடுதிரை வசதியும் இருந்தன. பிளாஸ்மா திரையே பிளேட்டோவுக்காக 1964இல் பிட்சரும் அவர் கூட்டாளிகள் இருவரும் கண்டுபிடித்ததுதான். பின்னாளில் நம் வரவேற்பறைக்கு வந்த பிளாஸ்மா தொலைக்காட்சிக்கு வகுப்பறைதான் தாய்வீடு என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

ஆனால் ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது திரையை அல்ல, விடை திருத்தும் முறையை. 1967இல் பால் டென்சர் என்ற உயிரியல் ஆய்வு மாணவர் 'டியூட்டர்' என்ற நிரல்மொழியை எழுதினார். பாடம் நடத்துகிறவரே தன் பாடத்தை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். மாணவர் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்தால் டியூட்டர் வெறுமனே சரி, தவறு என்று சொல்லி நிறுத்தாது. எந்தச் சொல்லில் எழுத்துப்பிழை, எந்தச் சொல் பொருந்தவில்லை, எந்தச் சொல் இடம் மாறி நிற்கிறது என்று அந்தந்தச் சொல்லின் அடியிலேயே குறி போட்டுக் காட்டும். சிவப்பு மையால் நாம் செய்கிற அதே வேலை. ஐம்பது ஆண்டுக்கு முன்னாலேயே!

1973இல் டேவிட் வூலி என்ற பதினேழு வயது இளைஞர் பிளேட்டோவில் 'நோட்ஸ்' என்ற பகுதியைச் சேர்த்தார். கணினியில் உள்ள பிழைகளைப் பயனர்கள் எழுதித் தெரிவிக்க ஓர் இடம், அவ்வளவுதான் திட்டம். ஆட்கள் அங்கே பாடம், அரசியல், அரட்டை என்று எல்லாவற்றையும் பேசத் தொடங்கிவிட்டார்கள். கற்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச விரும்புவார்கள் என்பதைக் கணினி உலகம் இப்படித் தற்செயலாகத்தான் கண்டுகொண்டது.

1976 முதல் கன்ட்ரோல் டேட்டா நிறுவனம் பிளேட்டோவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பள்ளிகளுக்குக் கட்டுப்படியாகாத விலை. ஆகவே வாங்கியவர்களில் பெரிய நிறுவனங்கள் நிறையப் பேர். ஊழியர் பயிற்சிக்காக வாங்கினார்கள். கதை இங்கேதான் திரும்புகிறது.

1980களில் ஊழியர்களுக்குக் கணினிவழிப் பயிற்சி கொடுப்பதில் முன்னால் நின்றது விமானத்துறை. விமானி, பொறியாளர், பராமரிப்புப் பணியாளர் எல்லாரும் குறிப்பிட்ட காலத்திற்குள் குறிப்பிட்ட பயிற்சியைப் பெற்றாக வேண்டும். பெற்றதற்குச் சான்றும் வேண்டும். விமானம் செய்யும் நிறுவனங்கள் பயிற்சிப் பாடங்களையும் சேர்த்தே கொடுத்தன. சிக்கல் என்னவென்றால், ஒரு நிறுவனத்தின் பாடம் இன்னொரு நிறுவனத்தின் கணினியில் ஓடாது. மூன்று வகை விமானம் வைத்திருந்தால் மூன்று வகைக் கணினியும் வாங்கி வைக்க வேண்டிய கதி. இதைத் தீர்க்க 1988இல் ஏஐசிசி என்ற விமானத்துறைக் குழு உருவானது. எந்தப் பாடமும் எந்த நிர்வாகக் கணினியோடும் பேசுவதற்கான பொது விதிகளை 1993இல் அது வெளியிட்டது.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. 1990களில் இணையத்துக்கு வந்த தமிழும் இப்படித்தான் திண்டாடியது. ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் குறியீடு. ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் திரையில் கோணல்மாணலாக நிற்கும். சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்று 1997 மே மாதம் நடத்திய தமிழ்நெட் 97 மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் கூடியவைதான். தமிழை இயல்பாகக் காட்டும் முதல் விண்டோஸ், விண்டோஸ் 2000. மலேசியாவில் விவேகப் பள்ளித் திட்டம் 1997இல் அறிவிக்கப்பட்டபோது பாட மென்பொருள் நான்கு பாடங்களுக்குத்தான்: மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல். கணினி முன் தமிழாசிரியர் உட்கார்ந்தபோது மேசை விதிகளை மற்றவர்கள் எழுதி முடித்திருந்தார்கள்.

அந்த விதிகளில் முக்கியமானது ஸ்கார்ம். அமெரிக்கத் தற்காப்புத் துறை, தன் படைகளுக்கான பயிற்சிப் பாடங்கள் எந்தத் தளத்திலும் ஓட வேண்டும் என்று 1997இல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. அதன் பயனாக 2000 ஜனவரியில் ஸ்கார்ம் முதல் பதிப்பு வந்தது. 2001இல் வந்த 1.2 பதிப்பு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இன்றும் பல நிறுவனங்களில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பாடத்துக்கும் தளத்துக்கும் நடக்கும் உரையாடலை ஸ்கார்ம் பெரும்பாலும் ஏஐசிசியிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது.

கற்பவரின் நிலையைச் சொல்ல ஸ்கார்ம் 1.2இல் மொத்தம் ஆறே சொற்கள். தமிழில் சொன்னால்: தேர்ச்சி பெற்றார், முடித்தார், தோற்றார், முடிக்கவில்லை, பார்வையிட்டார், தொடவில்லை. கூடவே ஒரு மதிப்பெண், செலவிட்ட நேரம். கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவுக்கு மாணவர் எழுதும் விடைக்கு 255 குறியீடுகள்தான் இடம். தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடாக எண்ணப்படும் என்பதால் முப்பது சொல் தேறினால் பெரிது. நீண்ட விடைக்கென்று தனி வகை 2004 பதிப்பில்தான் வந்தது.

இதைக் குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. விமானத்தின் அவசரக் கதவைத் திறக்கும் பயிற்சியை ஒருவர் முடித்தாரா என்பது உயிர்போகும் கேள்வி. அங்கே ஆறு சொல் நேர்மையான கணக்கு. ஆனால் அலுவலகங்களில் அதுவே பழக்கமாகி, 'அடுத்து', 'அடுத்து' என்று சொடுக்கிக்கொண்டே போய்ச் சான்றிதழை அச்சடிப்பதுதான் பயிற்சி என்றாகிவிட்டது. நாமே எடுக்கும் இயங்கலைப் பயிற்சிகளில் இதைச் செய்யாதவர் கை தூக்கலாம்!

இதற்கு மாற்றாகப் பள்ளி, பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து வந்தது மூடில். அதை எழுதிய மார்ட்டின் டூகியாமாஸ், ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு தொலைதூரக் குடியிருப்பில் வளர்ந்தவர். சிறு வயதில் அவருக்குப் பள்ளி என்பது வானொலி வழியாகக் கேட்ட ஆசிரியரின் குரல்தான். பேச்சில்லாமல் கற்றல் இல்லை என்ற எண்ணம் அவருக்கு அங்கேயே ஊறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். 2002 ஆகஸ்டில் வந்த மூடில் 1.0இல் கலந்துரையாடலுக்கு நல்ல இடம் இருந்தது. ஆனாலும் நிறுவனங்கள் மூடிலைப் பயன்படுத்தத் தொடங்கியபோது அவை கேட்டதும் அதே பச்சைக் குறிதான். 2010இல் வந்த மூடில் 2.0இல் 'முடித்த நிலை' பார்க்கும் வசதி சேர்க்கப்பட்டது.

பிறகு 2020. மலேசியாவில் மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை; சிங்கப்பூரில் ஏப்ரல் 8இல் முழுமையான வீட்டிலிருந்து கற்றல். டெலிமாவும் மாணவர் கற்றல் தளமும் நம் அன்றாடமாயின. அந்த மாதங்களில் பல தமிழ் வகுப்புகளில் உண்மையான பாடம் எங்கே நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். புலனத்தில் வந்த குரல் பதிவுகளில். பிள்ளை வாசித்து அனுப்பும், ஆசிரியர் கேட்டுவிட்டு, "கண்ணு, 'மழை'யை இன்னொரு தடவ சொல்லு" என்று பதில் குரல் அனுப்புவார். அந்த உழைப்பு எந்தத் தளத்தின் விழுக்காட்டிலும் ஏறவில்லை. தளத்தில் 'முடிக்கவில்லை' என்று நின்ற பிள்ளை குரல் பதிவில் திருந்தியிருக்கும். நூறு விழுக்காடு காட்டிய பிள்ளை வாய் திறந்திருக்காது.

ஸ்கார்மின் இடுக்கு அதை வளர்த்தவர்களுக்கே தெரிந்துதான் இருந்தது. அதற்கடுத்த தரமான எக்ஸ்ஏபிஐ 2013 ஏப்ரலில் வந்தது. அதன் அமைப்பைப் பார்த்தால் இலக்கண ஆசிரியருக்குச் சிரிப்பு வரும்: ஒவ்வொரு பதிவும் ஒரு வாக்கியம். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். பயனிலை ஆறு சொல்லுக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. எந்த வினைச்சொல்லையும் வைக்கலாம், அதை யார் வேண்டுமானாலும் வரையறுக்கலாம். 'உரக்க வாசித்தாள்', 'திருத்திச் சொன்னான்', 'தம்பிக்குக் கதை சொன்னாள்' எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. தமிழ் வகுப்புக்கு வேண்டிய வினைச்சொற்களின் பட்டியலைத் தயாரிக்க நிரலர் தேவையில்லை. இரண்டாம் ஆண்டு பாடம் நடத்தும் நான்கு ஆசிரியர்கள் ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் போதும்.