அண்டா பெருத்தபோது அவள் எங்கே போனாள்?

வீட்டிலேயே பியர் காய்ச்சுவது பற்றி நாங்கள் பார்த்த வீடியோக்களில் முக்கால்வாசி ஆண்கள்தான். சின்னப் பானையை விட்டு எப்ப பெரிய ஸ்டீல் தாங்கிக்கு மாறலாம் எண்டதுதான் பேச்சு.

1300 அளவில் இங்கிலாந்தில் நிலைமை தலைகீழ். அங்கே 'ஏல்' காய்ச்சியவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். முளைவிட்ட பார்லி, அண்டா, மரத்தொட்டி, அகப்பை, வடிதுணி இருந்தால் போதும். ஏல் சில நாட்களில் புளித்துவிடும். ஆகவே கொஞ்சமாகக் காய்ச்சி, வீட்டுக்கு எடுத்தது போக மிச்சத்தை அயலுக்கு விற்றார்கள். அப்படிக் காய்ச்சும் பெண்ணுக்கு 'ப்ரூஸ்டர்' என்று தனிப் பெயரே இருந்தது.

பிறகு நெதர்லாந்துப் பக்கமிருந்து, ஹொப்ஸ் என்ற கொடியின் பூச் சேர்த்த பியர் வந்தது. அது மாதக்கணக்கில் கெடாது, தூர இடத்துக்கும் அனுப்பலாம். ஆனால் அதுக்குப் பெரிய அண்டா, கனக்கப் பீப்பா, விறகு, கைமுதல் எல்லாம் வேணும். கலியாணம் கட்டிய பெண் தன் பெயரில் கடன்படவோ ஒப்பந்தம் செய்யவோ அன்றைய பொதுச்சட்டம் பொதுவாக இடம் தரவில்லை. 1600 அளவில் தொழில் பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போய்விட்டது.

பிழை ஹொப்ஸில் இல்லை. ஒரு கருவி பெருக்கும்போது, அதை வாங்கும் காசும் கடனும் ஆருக்குக் கிடைக்குது எண்டதையும் நாங்கள் கேட்கவேணும். 'ப்ரூஸ்டர்' இன்று பெரும்பாலும் ஒரு குடும்பப் பெயர் மட்டும்தான்.