பீலித் தண்ணீரும் பெல்டன் சக்கரமும்

சப்பிரகமுவத் தோட்டங்களில், யட்டியாந்தோட்டைப் பக்கமாயினும் பலாங்கொடைப் பக்கமாயினும், மழைக்குப் பஞ்சமிருந்ததில்லை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பொழியும் இரத்தினபுரியில் குடையின்றிப் புறப்படுபவன் ஊருக்குப் புதியவனாயிருப்பான், அல்லது கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போகும் தொழிலாளியாயிருப்பான். அந்த மழை ஓயாவாக இறங்கி, லயத்துப் பீலியில் குளிப்பவர் தலையில் விழுந்தது போக, மிஞ்சிய பிரவாகத்தை இரும்புக் குழாயில் அடைத்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொண்டுவந்து, சக்கரத்தைச் சுழற்றி, கொழுந்தரைக்கும் உருளைகளை ஓட்டிய காலத்தை நம் தோட்டச் சரித்திரக்காரர்கள் ஓரிரு வரிகளோடு கடந்துவிடுகிறார்கள்.

நீர் வந்து மோதினால் சக்கரம் சுழலும் என்பது குழந்தைக்கும் தெரியும்; மோதலில் நஷ்டமாவது எவ்வளவு என்பதே பண்டிதர்களைப் படுத்திய வினா. ஆங்கிலப் பொறியியலாளர் ஜோன் ஸ்மீட்டன், அடியில் ஓடும் நீர் பலகையில் மோதிச் சுழற்றும் சக்கரம் நீரின் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கையே தருகிறதென்றும், மேலிருந்து விழும் நீரின் பாரத்தால் சுழல்வது மூன்றில் இரு பங்கைத் தருகிறதென்றும் 1759இல் பரிசோதனையால் காட்டி, 1782இல் பொருள்களின் மோதுகையைப் பற்றியே தனிக் கட்டுரை வெளியிட்டார். இரு பொருள்கள் மோதி ஒட்டிக்கொண்டால் உந்தம் சல்லிக்காசும் குறையாது. சக்தியோ நொறுங்குவதிலும் சிதறுவதிலும் விரயமாகிவிடும்.

அந்த விரயத்தைத் தடுத்தது ஒரு கிண்ணத்தின் வளைவு. கலிபோர்னியாவின் தங்கச் சுரங்க நாட்டிலிருந்த லெஸ்டர் பெல்டன் 1880இல் காப்புரிமை பெற்ற சக்கரத்தின் விளிம்பில், நடுவே கூரிய வரம்புள்ள இரட்டைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். 45 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர், குழாயின் உராய்வை ஒதுக்கிவிட்டால், செக்கனுக்கு 30 மீட்டர் வேகத்தில் பீறிடும். 15 மீட்டர் வேகத்தில் விலகியோடும் கிண்ணத்தை அது எட்டிப்பிடித்து, உள்வளைவில் புரண்டு, கிண்ணத்துக்குச் சார்பாக அதே 15இல் பின்னோக்கித் திரும்பினால், நிலத்தில் நிற்பவர் கண்ணுக்கு ஓட்டமெல்லாம் ஒழிந்து, களைத்தவன் போல் நேரே கீழே விழும். தட்டைப் பலகையாயின் கிலோகிராமுக்கு 450 ஜூல் சக்தியில் 225தான் கிட்டும்; வளைந்த கிண்ணம் உந்த மாற்றத்தை இரட்டிப்பதால் முழுவதும் கிட்டும். (முற்றாகத் திருப்பினால் நீர் அடுத்த கிண்ணத்தின் முதுகில் அடிக்குமாதலால் சற்றே சாய்த்துவிடுவார்கள்; கொஞ்சம் நஷ்டமும் அதனால் உண்டு.)

தோட்டத்து ஸ்டோரில் இத்தகைய சக்கரத்தின் அச்சிலிருந்து தோல் பட்டிகள் வழியே உருளைகளுக்கும் சலிப்பான்களுக்கும் ஓட்டம் போனது. தை, மாசியில் ஓயா மெலிந்தால் வாயிலை அளந்தே திறக்கவேண்டும். ஸ்டோரிலும் துரை பங்களாவிலும் மின்விளக்கு எரிந்த தோட்டங்களிலும் லயத்தில் எரிந்தது மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்குத்தான். சக்தியின் கணக்கை அத்தனை நுட்பமாகப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

1918இலேயே விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் வாதாடிய பெரிய நீர்மின் திட்டம் 1950இல் லக்சபானாவில் நிறைவேறிய பின், கம்பியில் வரும் மின்சாரத்தைப் பார்த்துத் தோட்டங்கள் பல தம் சக்கரங்களைக் கைவிட்டன. 1990களில், கம்பி எட்டாத இரத்தினபுரி, கேகாலைக் கிராமங்களில் மக்கள் சங்கம் சேர்ந்து, ஓயாவில் சிற்றணை கட்டி, குழாய் இறக்கி, வீட்டுக்குச் சில விளக்குகள் எரியுமளவுக்கு மின்சாரம் எடுத்தார்கள்.