தேசிய வரலாறும் கிறித்தவமும்: தருமபுரி வட்டாரத்தின் சான்று

இந்திய வரலாற்றைச் சொல்லும்போது கிறித்தவத்தை எங்கே வைப்பது என்பது சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கி இன்றுவரை ஓயாத வழக்கு. வெள்ளைக்காரன் ஆட்சியோடு வந்த மதம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அச்சு, அகராதி, உரைநடை எல்லாம் பாதிரிமார் போட்ட பிச்சை என்று எதிர்த் தரப்பில் சிலர் பேசுகிறார்கள். தருமபுரி வட்டாரத்தின் கதை இந்த இரண்டிலும் அடங்காது. மாநிலத்தில் கிறித்தவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி 6.12 விழுக்காடு, இம்மாவட்டத்தில் அதைவிட மிகக் குறைவு. ஆனாலும் காலவரிசையைப் பார்த்தால் இங்குள்ள சாட்சியம் கனமானது.

கம்பெனிக்கு முந்திய வேதம்

சங்க காலத்தில் தருமபுரி தகடூர், அதியமானின் தலைநகர். பின்னாளில் பாராமகால் என்று பெயர் பெற்ற இந்நிலம் 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர், மைசூர், மராத்தியர் என்று மாறி மாறிக் கைமாறியது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, 1623இல் வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் வரை வந்தார். அந்நூற்றாண்டின் நடுவில் இத்தாலியரான லியனார்டோ சின்னமி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இயேசு சபையின் கன்னட மறைப்பணியைத் தொடங்கினார். தருமபுரிக்கு அருகிலுள்ள கோவிலூர் அந்தப் பணியின் மிகப் பழைய நிலையங்களில் ஒன்று.

அப்போது ஆங்கிலேயக் கம்பெனிக்குத் தமிழ் மண்ணில் இருந்தது கடற்கரையோரக் கோட்டையும் கிடங்கும்தான். பாராமகால் அதன் கைக்கு வந்தது 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி போட வந்தபோது, இவ்வட்டாரத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறையைக் கடந்திருந்தன. கிறித்தவத்தைப் பிரிட்டிஷ் ஆட்சி என்ற அத்தியாயத்துக்குள் அடைக்கும் பாடநூல் முறை கோவிலூருக்கு முன் நிற்காது.

இதைச் சொல்லும்போதே மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அந்தப் பாதிரிமாருக்குப் பின்னால் படை இல்லை என்பது உண்மை. போர்ச்சுகல் அரசரின் ஆதரவு இருந்தது என்பதும் உண்மை. ஆனால் மைசூர் அரசின் எல்லைக்குள் அந்த அரசரின் ஆணை செல்லாது. உள்ளூர்த் தலைவரின் அனுமதி இல்லாமல் ஒரு கூரைக் கோவிலைக்கூடக் கட்ட முடியாது. அதனால்தான் அவர்கள் காவி கட்டினார்கள், புலால் மறுத்தார்கள், சந்நியாசியாகவும் பண்டாரசாமியாகவும் வாழ்ந்தார்கள். இது தந்திரமா மரியாதையா என்று அன்றைய உரோமாபுரியிலேயே பெரிய வழக்கு நடந்தது. நொபிலியின் முறையை 1623இல் பாப்பரசர் அனுமதித்தார். 1744இல் வந்த ஆணை மலபார் சடங்குகள் எனப்பட்ட பல வழக்கங்களைத் தடுத்தது. வந்தவர்கள் மண்ணை மாற்றினார்கள் என்று மட்டும் எழுதினால் பாதிதான் வரும். மண் அவர்களை மாற்றியதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கம்பெனியும் பாதிரிமாரும்

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அதன் பணியிடங்கள் பாரிஸ் வேதபோதக சபையிடம் போயின. 1784இல் திப்பு சுல்தான் மங்களூர்ப் பகுதிக் கிறித்தவர்களைச் சிறைப்பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு சென்றார். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு, சிதறிப்போன அந்த மக்களிடையே பணிசெய்ய மைசூர்ச் சீமைக்கு வந்தவர் அபே துபுவா. இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் கொடுத்த கையெழுத்துப் பிரதியைக் கம்பெனி 1807இல் 2,000 வராகனுக்கு வாங்கியது. அதன் பெரும்பகுதி அவருக்கு முந்திய இயேசு சபைக் குரு கேர்தூவின் எழுத்திலிருந்து வந்தது என்று பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா மூர் 1987இல் காட்டினார். நாடு திரும்பிய துபுவா, இந்துக்களை மதம் மாற்றுவது நடவாத காரியம் என்று 1823இல் நூலே வெளியிட்டார். பாதிரி என்றால் ஆட்சியின் கைக்கூலி என்ற ஒரே அச்சில் இவரை வார்க்க முடியுமா?

கம்பெனியும் 1813 சாசனச் சட்டம் வரை தன் எல்லைக்குள் பாதிரிமாரை எளிதில் விடவில்லை. வணிகம் கெடும், கலகம் வரும் என்ற பயம். வில்லியம் கேரி டேனியர்களின் செராம்பூரில் தங்கியதும் அதனால்தான். இலண்டன் மிஷன் சேலத்துக்கு வந்தது 1827இல். அதற்குப் பிறகு பள்ளி மானியம், நீதிமன்றம், கலெக்டரின் நட்பு என்று மிஷனும் ஆட்சியும் நெருங்கின. தேசியவாதிகளின் புகாருக்கு அடிப்படை இந்தப் பிற்பகுதியில்தான் இருக்கிறது. அது பொய்ப் புகார் அல்ல. கே. எம். பணிக்கர் 1953இல் வெளியிட்ட ஆசியாவும் மேலை ஆதிக்கமும் பற்றிய நூலும், மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழுவின் 1956 அறிக்கையும் அந்தப் புகாரைத் தேசிய அளவில் நிலைநிறுத்தின.

தமிழகத்தில் வழக்கு

1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் சிலைகள் எழுந்தன. பாதிரிமாரான வீரமாமுனிவரும் கால்டுவெல்லும் போப்பும் இடம்பெற்ற அதே வரிசையில் ஔவையாரும் இருக்கிறார். அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய, தகடூருக்கு உரிய ஔவை. திராவிட இயக்கம் எழுதிய தமிழ் வரலாற்றைக் கல்லிலும் உலோகத்திலும் பார்க்க வேண்டுமானால் அந்தக் கடற்கரைச் சாலையில் ஒரு மாலை நடந்தால் போதும்.

அந்த வரிசைக்கு எதிர்ப்பும் வலுத்தது. ராஜீவ் மல்கோத்ராவும் அரவிந்தன் நீலகண்டனும் 2011இல் எழுதிய 'பிரேக்கிங் இந்தியா', தமிழில் 'உடையும் இந்தியா', திராவிட அடையாளமே மிஷனரிகளின் ஆக்கம் என்று வாதிட்டது. போப்பின் 1886 திருக்குறள் மொழிபெயர்ப்பு அதன் ஆன்மிகத்தை அகற்றிவிட்டது என்று ஆளுநர் ஆர். என். ரவி 2022இல் பேசினார். 2024 மார்ச்சில் கால்டுவெல்லையும் போப்பையும் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் என்று அவர் சொன்னபோது கண்டனம் எழுந்தது.

திராவிட அடையாளம் மிஷனரிகளின் ஆக்கம் என்ற வாதத்தில் ஒரு தேதி இடிக்கிறது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே காட்டியவர் எஃப். டபிள்யூ. எல்லிஸ். அவர் பாதிரி அல்ல, சென்னைக் கலெக்டர். அவரைச் சூழ்ந்து இருந்தவர்கள் தமிழ், தெலுங்குப் புலவர்கள். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல்தான் வந்தது. கால்டுவெல்லைத் தூக்கி நிறுத்துவோரும் இதே கால்டுவெல் 1849இல் சாணார்களைப் பற்றி எழுதிய சிறுநூலை மறந்துவிடுகிறார்கள். அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் யார்? அச்சமூகத்தாரே, அவர்களில் கிறித்தவர்களும் உண்டு.

மிகைக் கூற்று கிறித்தவர் பக்கமும் உண்டு. திருவள்ளுவர் கிறித்தவரே என்று மு. தெய்வநாயகம் 1969 முதல் எழுதிவந்ததைத் தமிழறிஞர்கள் ஏற்கவில்லை. அதற்கு ஆதாரம் போதாது. இயேசுவின் சீடர் தோமா மயிலாப்பூருக்கு வந்தார் என்பது பழைய மரபு. அதை உறுதியான வரலாறாக எழுதுவதும் கட்டுக்கதை என்று தள்ளுவதும் சான்றைத் தாண்டிப் போவதே. 1752இல் திருவிதாங்கூர்ப் படையினரால் ஆரல்வாய்மொழி அருகே கொல்லப்பட்ட தேவசகாயம், விசுவாசத்துக்காக இறந்தாரா, அரச குற்றத்துக்காகவா என்ற வழக்கு அவர் 2022 மே 15இல் புனிதரான பின்னும் தீரவில்லை.

பாப்பாரப்பட்டியும் அரசியல் நிர்ணய சபையும்

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் கடைசிக் காலத்தைக் கழித்து, 1925 ஜூலை 23இல் மறைந்த ஊர் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி. அங்கே அவர் பாரத மாதாவுக்குக் கோவில் கட்ட நினைத்தார். சித்தரஞ்சன் தாஸ் 1923இல் அடிக்கல் நாட்டினார். அரசு அங்கே கட்டிய பாரத மாதா நினைவாலயத்தின் பூட்டை 2022 ஆகஸ்டில் பா.ஜ.க.வினர் உடைத்து உள்ளே சென்றதும், அக்கட்சியின் கே. பி. ராமலிங்கம் கைதானதும் செய்தியானது. அது நினைவாலயமா, கோவிலா என்பது வழக்கின் வெளித்தோற்றம். தேசத்தைத் தெய்வ வடிவில் வணங்கித்தான் நேசிக்க வேண்டுமா என்ற கேள்வி அதன் அடியில் கிடக்கிறது. பக்கத்து ஊர்க் கத்தோலிக்க விவசாயிக்கு அது ஏட்டுக் கேள்வி அல்ல.

அந்த விவசாயியின் பக்கம் நின்றவர்கள் தேசிய இயக்கத்துக்குள்ளேயே இருந்தார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா காந்தியின் பொருளியலை வகுத்தவர், சிறை சென்றவர். ஜார்ஜ் ஜோசப் மதுரையில் வழக்கறிஞராக இருந்து வைக்கம் போராட்டத்தில் இறங்கியவர். 1948 டிசம்பர் 6இல், மதத்தைப் பரப்பும் உரிமை குறித்து அரசியல் நிர்ணய சபை விவாதித்தபோது அதை ஆதரித்துப் பேசியவர்களில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி ஒருவர். தாம் 14 ஆண்டு கிறித்தவ நிறுவனங்களில் படித்தும் தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று சபையில் சொன்னார். அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் பரப்புதல் என்ற சொல் நிலைத்தது.

இவ்வளவு பேசியும் ஒதுங்கிப்போன கூட்டம் ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவம் வெளியிலிருந்து வந்தது, அதில் சாதி கிடையாது என்ற வரலாற்றுக் கூற்றுதான் தலித் கிறித்தவரின் சலுகையை இன்றும் தடுத்து நிற்கிறது. இதை ஆராய கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் ஆணையம் அமைக்கப்பட்டது.

சான்றுகள்

தருமபுரி 1965 அக்டோபர் 2இல் தனி மாவட்டமாயிற்று. தருமபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து 1997 ஜனவரியில் பிரிந்தது. வட்டார வரலாறு எழுதுவோர் முதலில் எடுப்பது ரீட் காலத்துப் பாராமகால் ஆவணங்களையும், எஃப். ஜே. ரிச்சர்ட்ஸின் 1918 சேலம் கெசட்டியரையும்தான். இரண்டும் ஆட்சியாளரின் கண்ணால் பார்த்தவை. இயேசு சபையினர் ஆண்டுதோறும் உரோமாபுரிக்கு எழுதிய கடிதங்களும் பாரிஸ் சபையின் ஆவணங்களும் ஐரோப்பிய மொழிகளில் கிடக்கின்றன. அருகில் இருப்பது பங்குக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேடு. குழந்தையின் பெயர், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தந்தை, ஊர். பழைய ஏடுகள் பலவற்றில் சாதியும். லத்தீன் வடிவம் பெற்ற புனிதர் பெயருக்குக் கீழே உழுதவன், நெய்தவள், பஞ்சத்தில் குடிபெயர்ந்தவன் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். மெரினாச் சிலைகளை வைத்து நடக்கும் வழக்கில் இவர்களில் ஒருவரும் சாட்சியாக அழைக்கப்பட்டதில்லை.