ஆறிய தழும்பும் ஆறாத நரம்பும்

பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்கு அப்பால், இருப்புப்பாதைகள் கிளை கிளையாகப் பிரிந்து செல்லும் பிரதேசத்தைக் கடந்து, கேப்டன் காட்டன் கால்வாய் ஊர்ந்து செல்லும் வழியாக நடந்து வருகிறவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் ஊர் வியாசர்பாடி. வியாச முனிவரோடு சம்பந்தப்படுத்திப் பெயருக்குக் காரணம் கூறும் ஐதிகமும், இரவீஸ்வரர் ஆலயமும் இவ்வூரின் புராதனத்துக்குச் சாட்சி சொல்லும். எனினும் இதன் நவீன சரித்திரத்தை நிர்ணயித்தது, பக்கத்துப் பெரம்பூரில் இருந்த பக்கிங்காம் கர்னாடிக் ஆலைகளின் சங்கொலியேயாகும். அந்தச் சங்குக்கு எழுந்து, அந்தச் சங்குக்கு வீடு திரும்பிய தொழிலாளர்களிடையேதான் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் அதற்குத் துணை நின்றனர். 1996இல் அந்த ஆலைகள் மூடப்பட்டன. ஆலையின் கதையும், வேலைநிறுத்தங்களின் கதையும் எழுதப்பட்டிருக்கின்றன; தறிக்கு முன்னால் நின்ற மனிதனுடைய மார்புக்கூட்டின் கதையோ இன்னும் சரிவர எழுதப்படவில்லை. அந்தப் பெரிய கதையில் ஒரு சிறு அத்தியாயத்தையே இங்கே சொல்ல முற்படுகிறேன். காசநோய் தீர்ந்து, சத்திரசிகிச்சைத் தழும்பும் ஆறிய பின்னர், விலாவின் ஓரத்தில் குடியிருக்கும் மதமதப்பும் எரிச்சலும் எப்படித் தோன்றின, எவ்வளவு காலம் கேட்பாரற்றுக் கிடந்தன என்பதே அந்த அத்தியாயம்.

க்ஷயரோகம் என்று நம் முன்னோர் அழைத்த காசநோய், காற்றும் வெளிச்சமும் புகாத ஒற்றை அறைகளில் ஏழெட்டுப் பேர் நெருங்கிப் படுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளையே தனக்கு உகந்த வாசஸ்தலமாகக் கொள்வது. 1882இல் ராபர்ட் கோக் அதன் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆயினும் அக்கிருமியைக் கொல்லும் மருந்து கைக்கு வர அதன் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் வைத்தியர்கள் விதித்தவை சுத்தமான காற்று, போஷாக்கான ஆகாரம், பூரண ஓய்வு ஆகிய மூன்றே. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கத்தில் அத்தகைய ஆரோக்கிய நிலையம் ஒன்றை நடத்திய சவுரி முத்து என்னும் தமிழ் மருத்துவரிடம், 1917ஆம் ஆண்டில் கணித மேதை ராமானுஜன் சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார்; காசம் என்று அக்காலத்தில் கருதப்பட்ட நோயோடு தாயகம் திரும்பி, 1920இல் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். சவுரி முத்துவோ பின்னர் ஊர் திரும்பி, 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். அதன் பெயரையே இன்று ஒரு ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. ஆனால், மரத்தடிக் கட்டிலில் ஆறு மாதமோ ஒரு வருஷமோ படுத்திருப்பது, நாட்கூலியை நம்பி உலை வைக்கும் குடும்பத்துக்கு எவ்வாறு சாத்தியமாகும்? வைத்தியர் விதித்த மூன்றில் ஓய்வு என்பதே ஏழைக்கு எட்டாத மருந்தாயிருந்தது.

மனிதனுக்கு ஓய்வு கொடுக்க இயலாவிடினும், அவனுடைய நுரையீரலுக்கு மட்டுமாவது ஓய்வு கொடுக்கலாமே என்னும் எண்ணத்திலிருந்து பிறந்ததே காசநோய்க்கான சத்திரசிகிச்சை. இத்தாலியில் ஃபோர்லானினி என்பவர் மார்பறைக்குள் காற்றைச் செலுத்தி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கும் அடங்காமல் நுரையீரலில் நோய் தோண்டிய குழிகளை மூடுவதற்கு, விலா எலும்புகளைத் துண்டு துண்டாக வெட்டியெடுத்து மார்புச் சுவரையே உள்ளே சரியவிடும் ‘தோராகோபிளாஸ்டி’ என்னும் கடுமையான முறை ஜெர்மனியில் வளர்ந்து, அமெரிக்காவில் ஜான் அலெக்ஸாண்டர் 1925இல் எழுதிய நூலினால் உலகெங்கும் பரவியது. ஒரே அமர்வில் தாங்க முடியாததாகையால், இரண்டு மூன்று வார இடைவெளிகளில், தோள்பட்டை எலும்பைச் சுற்றி வளைந்து இறங்கும் நீண்ட கீறல் ஒன்றின் வழியாக, ஏழு அல்லது எட்டு எலும்புகள் வரை அகற்றப்பட்டன. 1948இல் ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க நிபுணர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த பின்னர், நெஞ்சக சத்திரசிகிச்சை நம் நாட்டில் ஒரு தனிச் சாஸ்திரமாக வேரூன்றியது. இரத்தம் கக்கிச் சாகவிருந்த பலரை இச்சிகிச்சை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியது என்பதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்தவர்கள் எதைச் சுமந்து வந்தார்கள் என்பதை அறிய, மார்புச் சுவரின் அமைப்பைச் சிறிது நோக்க வேண்டும். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பிலும் ஒரு பள்ளம் உண்டு. அதனுள் மேலே சிரை, நடுவே தமனி, எல்லாவற்றுக்கும் கீழே நரம்பு என்று மூன்றும் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. இரத்தக் குழாய்களுக்கு எலும்பு குடை பிடிக்கிறது. கடைசியிலிருக்கும் நரம்போ பாதி வெளியே தெரியும்படி கிடக்கிறது. நெஞ்சைத் திறப்பவர் எவ்வளவு ஜாக்கிரதையாகக் கீழ் எலும்பின் மேல் விளிம்பையொட்டிக் கத்தியைச் செலுத்தினாலும், இரண்டு எலும்புகளையும் அகலப்படுத்தி நிறுத்தும் இரும்புக் கருவி அந்த நரம்பை நசுக்கக்கூடும்; தையல் அதை இறுக்கக்கூடும்; தழும்பு ஆறுகையில் அதைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளவும் கூடும். இரண்டாவது விலா நரம்பின் ஒரு கிளை அக்குளைத் தாண்டி மேற்கையின் உட்புறத்துக்குச் செல்வதால், மார்பில் பட்ட காயத்தைக் கையும் உணர்கிறது.

இங்கேதான், அனுபவித்தவர்களைத் தவிர மற்றவர்கள் நம்ப மறுக்கும் ஒரு விசித்திரம் நேர்கிறது. அந்த இடம் மரத்துப்போயிருக்கிறது; கிள்ளினாலும் தெரிவதில்லை. அதே இடம் எரியவும் செய்கிறது. தறியில் பாவு நூல் அறுந்தால் துணியில் அந்த இழை ஓடும் தடம் வெறுமையாகிறது. அறுந்த நுனியோ சும்மா இராமல், அக்கம்பக்கத்து இழைகளில் சிக்கித் தறியையே தடுமாற வைக்கிறது. நரம்பும் அத்தகையதே. அறுபட்டதனால் தோலின் செய்தியை மூளைக்குக் கொண்டுபோக அதனால் முடிவதில்லை; ஆனால் அறுபட்ட நுனி முளைவிட்டு முடிச்சாகி, யாரும் தொடாதபோதே தானாகப் பொய்ச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் குண்டடிபட்ட சிப்பாய்களிடம் இந்த எரிச்சலைக் கவனித்து விரிவாக எழுதிவைத்தவர் வெயர் மிட்செல் என்னும் மருத்துவர். இரண்டாம் உலக மகாயுத்தத்தில், காயத்துக்காக நெஞ்சு திறக்கப்பட்ட வீரர்கள், புண் ஆறிய வெகுநாட்களுக்குப் பின்னும் விலாவில் வலிக்கிறதென்று முறையிட்டதை இராணுவ சத்திரசிகிச்சை நிபுணர்கள் குறித்துவைத்தனர். கீறிய இடத்தில் இரண்டு மாதத்துக்கு மேலும் நீடிக்கும் வலி என்று இன்று அதற்கு இலக்கணம் வகுத்து, தனியொரு பெயரும் சூட்டியிருக்கிறார்கள்.

பெயர் கிடைக்கும் முன்பே அந்த வலி வீடுகளில் வாழ்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் ‘சுகமாகி வீடு திரும்பினார்’ என்ற வாக்கியத்தோடு ஒரு மனிதனின் சரித்திரம் முடிந்துவிடுகிறது. வலியின் சரித்திரமோ அந்த வாசற்படியில்தான் ஆரம்பமாகிறது. தோள் ஒரு பக்கம் சரிந்து, கை தலைக்கு மேல் எழாமல், சட்டை உரசினாலே துடிக்கும் ஒருவனால், நூல் கண்டுக் கூடையைத் தூக்கவோ, துறைமுகத்தில் மூட்டை சுமக்கவோ எங்ஙனம் இயலும்? அவன் தன் நிலையை எந்தச் சொற்களால் சொல்லுவான்? ‘மதமதன்னு இருக்கு’, ‘எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு’, ‘சுருக்குன்னு இழுக்குது’, ‘கரண்டு அடிச்ச மாதிரி பாயுது’ என்று வடசென்னையின் வீடுகளில் இன்றும் சொல்லுகிறார்கள். வைத்திய நூல்கள் பிரித்துக் கூறும் லக்ஷணங்கள் அனைத்தும் இந்த நான்கு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாத வலியை, ‘உயிர் பிழைத்தாயே, அது போதாதா?’ என்ற கேள்வியால் அடக்கிவிடுவது உலக வழக்கமாயிற்று. அந்தக் கேள்வியில் அன்பு இருக்கலாம், செவி இல்லை.

வைத்தியம் தானே எழுந்து நோயாளியின் வீட்டுக்கு நடந்த நாள், இந்தச் சரித்திரத்தில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. 1956ஆம் ஆண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும், சென்னை ராஜ்ய சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடிச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் திறந்தன. ராமானுஜன் கண் மூடிய அதே சேத்துப்பட்டு. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், 1952இல் ஐசோநயாஸிட் என்று காச மருந்துகள் வந்துவிட்ட காலம் அது. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பகுதியினரை அவரவர் குடியிருப்பிலேயே விட்டும், இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். சுகாதாரப் பார்வையாளர்கள் சந்து சந்தாகச் சென்று நோயாளிகளை வீட்டிலேயே சந்தித்தனர். 1959இல் வெளியான முடிவு, சானடோரியத்தில் படுத்திருந்தவருக்கும், நெருக்கடியான வீட்டில் குறைந்த உணவோடு இருந்தவருக்கும் மருந்து ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமளித்தது என்று காட்டியது. விலா எலும்பை வெட்டும் அவசியம் அதன் பின் நாளுக்கு நாள் அருகியது.

இந்த மையத்தின் பெரும் புகழுக்கு நடுவே, அதிகம் பேசப்படாத இன்னொரு காரியமும் நிகழ்ந்தது. ஐசோநயாஸிடை மிகுந்த அளவில் உண்டவர்கள் சிலர், பாதம் மரக்கிறது, உள்ளங்கால் எரிகிறது என்று சொன்னார்கள். இருமல் நின்றதா, சளியில் கிருமி போயிற்றா என்பதோடு விசாரணையை முடித்திருந்தால், அந்தச் சொற்கள் காற்றோடு போயிருக்கும். அவற்றைக் கேட்டுக் குறித்து, பைரிடாக்ஸின் என்னும் பி-6 வைட்டமினைச் சேர்த்துப் பரீட்சித்து, நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் என்னும் அற்ப அளவே அந்த மரப்பையும் எரிச்சலையும் தடுக்கப் போதுமென்று 1963இல் அவர்கள் பிரசுரித்தனர். இன்று காச மருந்தோடு கொடுக்கப்படும் சிறிய வைட்டமின் மாத்திரைக்குப் பின்னால், கால் மரக்கிறது என்று வாய் திறந்து சொன்ன சென்னை ஏழைகளின் சாட்சியம் இருக்கிறது. அந்த மருந்தினால் வந்த மரப்பு வேறு, கத்தியினால் வந்த மரப்பு வேறு. அறுபட்ட விலா நரம்பை வைட்டமின் மாத்திரை ஒட்டவைத்துவிடாது. ஆனால் மரப்பைக் கேட்டறியும் மனோபாவம் இரண்டுக்கும் பொதுவானது; அது வாய்த்த இடத்திலெல்லாம் பரிகாரமும் தேடிவந்திருக்கிறது.

நுரையீரல் சத்திரசிகிச்சை அத்தோடு மறையவில்லை. 1933இல் அமெரிக்க நிபுணர் எவார்ட்ஸ் கிரஹாம் புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை முழுமையாக அகற்றி வெற்றி கண்டதிலிருந்து அது புதிய திசையில் வளர்ந்தது. பழைய காசம் விட்டுச்சென்ற குழிகளுக்கும், மார்பறையில் கட்டிய சீழுக்கும் இன்றும் நெஞ்சைத் திறக்க நேருகிறது. வலியைப் பற்றிய அறிவும் வளர்ந்தது. தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாயில் உண்டு, அதைத் திறக்கவும் அடைக்கவும் இயலும் என்னும் கொள்கையை 1965இல் மெல்ஸாக், வால் என்னும் இரு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மனச்சோர்வுக்காக வந்த அமிட்ரிப்டிலினும், வலிப்புக்காக வந்த கபாபென்டினும், சாதாரண வலி மாத்திரைக்கு அடங்காத நரம்பு எரிச்சலைத் தணிப்பதாகத் தெரியவந்தது. 1990களில், விலா எலும்புகளை அகட்டி விரிக்காமல், சிறு துளைகளின் வழியே காமிராவைச் செலுத்திச் செய்யும் முறை வந்தது. அதுவும் நரம்பை முற்றிலும் தப்பவிடுவதில்லை எனினும், வேதனை குறைந்தது.

இந்த நீண்ட அனுபவம் இன்று நோயாளிக்குக் கையளிப்பது என்ன? நசுங்கிய நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் வளருவது. ஆகவே மாதக்கணக்கான பொறுமை வேண்டும். வளரும்போது தோன்றும் ஊறலும் மின்வெட்டு போன்ற பாய்ச்சலும் சில சமயம் நற்குறியாகவும் இருக்கக்கூடும். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. அங்கே வெந்நீர்ப் பையோ தவிட்டு ஒத்தடமோ வைப்பதற்குமுன், உணர்வுள்ள கையால் சூட்டைச் சோதித்துக்கொள்ள வேண்டும். உரசாத பழைய பருத்தித் துணி உடலுக்கு இதம். தழும்பை விரலாலும் மெல்லிய துணியாலும் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தடவிப் பழக்குவது, மிரண்ட நரம்பைச் சாந்தப்படுத்தும். வலிக்குப் பயந்து கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிக் கையை உயர்த்தும் பயிற்சியையும், ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சியையும் கைவிடலாகாது. நரம்பு வலிக்கான மாத்திரைகள் மெல்லத்தான் வேலை செய்யும். அவற்றைத் தானாகத் தொடங்குவதும் திடீரென்று நிறுத்துவதும் தவறு. ஆறியிருந்த வலி புதிதாக மூண்டாலோ, காய்ச்சலோ மூச்சுத்திணறலோ சேர்ந்தாலோ, பழைய வலிதானே என்று இராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்ல வேண்டும்: எங்கே மரக்கிறது, எங்கே எரிகிறது, எந்த நேரத்தில், எதைத் தொட்டால் என்று, தன் சொந்தச் சொற்களிலேயே சொல்ல வேண்டும்.

வியாசர்பாடிக்கு ஒரு பக்கத்தில் ஓட்டேரியின் காச மருத்துவமனை இருக்கிறது. இன்னொரு பக்கத்தில், கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று கிழவர்கள் சொல்லும் ஸ்டான்லி இருக்கிறது. இவற்றின் வாசலிலிருந்து படமும் சீட்டும் கையில் பிடித்து, ஒரு தோளைச் சற்றே தாழ்த்தி நடந்து, சந்துக்குள் திரும்பும் மனிதனை நாம் பார்த்திருப்போம். அவன் வீட்டில் அவனை எதிர்கொள்ளும் முதல் கேள்வி, ‘டாக்டர் என்ன சொன்னார்?’ என்பதாகவே இருக்கும். அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘நீ டாக்டரிடம் என்ன சொன்னாய்?’ அந்த இரண்டாவது கேள்வியையும் யாரேனும் ஒருவர், தாயோ மனைவியோ பக்கத்து வீட்டுக்காரரோ, கேட்டு அவன் பதிலைப் பொறுமையாகக் கேட்டிருந்தால், அடுத்த முறை அவன் ஆஸ்பத்திரி மேசைக்கு முன் உட்காரும்போது, ‘சுகம்தான்’ என்று சொல்லி எழுந்து வந்துவிடமாட்டான்.